நாற்பத்தேழாவது வரிசை

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில், தகரக் கூரைக்குக் கீழே,
நரம்புக்குள் மருந்தை மெல்லச் செலுத்தும் பம்பு செய்கிறோம்.
அது எப்படியெல்லாம் கெடும் என்று
கெடுவதற்கு முன்பே யோசிப்பது என் வேலை.
வீட்டில் இதற்குப் பெயர் அபசகுனம்.
ஆபீசில் ரிஸ்க் அனாலிசிஸ்.

எவ்வளவு கொடுமை, எத்தனை முறை,
கண்ணில் படுமா படாதா.
மூன்றுக்கும் பத்துக்குப் பத்து மதிப்பெண் உண்டு.
பெருக்கினால் பயத்தின் அளவு வரும்.
நூறைத் தாண்டினால் யாராவது ஏதாவது செய்யவேண்டும்.
தொண்ணூற்றாறு என்றால் டீ குடிக்கப் போகலாம்.

விமானத்துக்கும் இதே கணக்கு,
பிஸ்கட் ஃபாக்டரிக்கும் இதே கணக்கு.
முன்பு நான் லிஃப்ட் கம்பெனியில் இருந்தேன்.
அந்த அட்டவணையைத்தான் இங்கே கொண்டுவந்தேன்,
‘கயிறு’ இருந்த இடத்தில் ‘குழாய்’ என்று மாற்றி.

வெள்ளைப் பலகையில் ஹேமந்த் கௌடா
பம்பைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு போட்டான்.
உள்ளே நாம். வெளியே சூழல்.
நோயாளி சூழல். நர்ஸ் சூழல்.
மின்வெட்டு, கொசு,
மகனைப் பார்க்க ஹாசனிலிருந்து வந்து
வயரில் கால் தடுக்கிய அப்பா, எல்லாம் சூழல்.
கோடு போட்டால்தான் வேலை ஆகும், ஒப்புக்கொள்கிறேன்.
உலகம் முழுவதையும் யார் டிசைன் பண்ணுவது?

நாற்பத்தாறு வரிசை நிரப்பினோம்.
காற்றுக்குமிழி. அடைப்பு. பேட்டரி.
பாதிக்கு மேல் கடைசிக் கட்டத்தில் ஒரே பதில்:
அலாரம் அடிக்கும்.

பிறகு ஒரு செவ்வாய்,
ஜெயநகர் ஆஸ்பத்திரியின் நாலாம் மாடி, இரவு பதினொன்றரை.
பதினான்கு படுக்கை, பதினொரு பம்பு, ஒரே ஒரு ஜின்சி.
ஒவ்வொரு பம்பின் முதுகிலும்
ஸ்பீக்கர் துளைகளின் மேல் பிளாஸ்டர்.
ஒரு விரல் நீளம். ஓரத்தைக் கத்தரியால் நேராக வெட்டி
பொறுமையாக ஒட்டியது.

நான் வாய் திறப்பதற்குள் மூன்று பம்பு அலறின,
போர்வைக்குள் அழுகிற குரலில்.
“கையை மடக்கினா கத்தும் சேச்சி.
திரும்பிப் படுத்தா கத்தும்.
நிஜமா மருந்து தீர்ந்தாலும் அதே கத்தல்.
எது எதுன்னு நான் எப்படி அறியும்?
ஏழாம் நம்பர் அங்கிள் நாலு நாளா உறங்கலை.
ஒட்டின அன்னைக்கு உறங்கினார்.”

அந்தக் கத்தல் என்னுடையது.
எழுபது டெசிபல், இரண்டரை வினாடிக்கு ஒருமுறை.
ஹெட்போன் மாட்டிக்கொண்டு,
சத்தமே இல்லாத அறையில் தேர்ந்தெடுத்தேன்.

கிளம்பும்போது ஜின்சி குனிந்து பார்த்தாள்.
“செருப்பு கடிச்சிருக்கு.”
நான் சொல்லவில்லை, நொண்டவும் இல்லை.
அதே ரோலிலிருந்து ஒரு துண்டு கிழித்து
குதிகாலில் ஒட்டிவிட்டு ஒன்பதாம் படுக்கைக்கு ஓடினாள்.

மறுநாள் அட்டவணையில் நாற்பத்தேழாவது வரிசை.
எது கெடும்?
‘நர்ஸ்’ என்று அடித்தேன். அழித்தேன்.
‘பிளாஸ்டர்’ என்று அடித்தேன். அழித்தேன்.
‘அலாரம்’ என்று அடித்தேன்.
ஏன் கெடும்? வேலை செய்வதால்.
கொடுமை ஒன்பது.
எத்தனை முறை? பதினொன்றில் பதினொன்று. பத்து போட்டேன்.
கண்ணில் படுமா?
படும், பம்பைத் திருப்பிப் பார்த்தால். எட்டு.
எழுநூற்று இருபது.

ஹேமந்த் வெகுநேரம் அதையே பார்த்தான்.
“இது நம்ம கோட்டுக்கு வெளியே” என்றான்.
பிறகு எழுந்துபோய், டஸ்டர் கிடைக்காமல்,
உள்ளங்கையால் புள்ளிக்கோட்டின் ஒரு பக்கத்தை அழித்தான்.
அந்த வழியாக என்னென்ன உள்ளே வரும் என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
செப்டம்பர் ரிலீஸ் போயிற்று.
கதவுப்பிடியில், காபி மெஷினில்,
சாயங்காலம் வரை அவன் கையின் நீல மை.

கடைசிக் கட்டம்: யார், எப்போதைக்குள்.
என் பெயரை அடித்தேன்.
தேதியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
குதிகாலில் பிளாஸ்டர்
இன்னும் உரியவில்லை.